தலைமையும் உடைமையும்: அனிதா றொடிக்கின் தன்வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

பெண்கள் தலைமையேற்பின் கம்பனிகள் மனிதரையும் இயற்கையையும் பேணி நிலைபெறும் என்ற கருத்து இன்று பரவலாக முன்வைக்கப்படுகிறது. அதனைப் பரிசீலிப்பதற்கு, ‘பொடி ஷொப்’ நிறுவனத்தைத் தாபித்த அனிதா றொடிக் 1991இல் வெளியிட்ட தன்வரலாறு பொருத்தமானதொரு நூலாகும்.

நூலின் வலிமை அதன் ஒளிவுமறைவின்மையே. 1976இல் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் முதற்கடையைத் திறக்க அவர் தனித்துக் கடன் கேட்டபோது வங்கி மறுத்தது. கணவருடன் மீண்டும் சென்றபோதே வழங்கியது. போத்தல்களை மீள நிரப்பியமைக்குக் காரணம், புதியன வாங்கப் பணமின்மை. சுவரிற் பூசிய கரும்பச்சை நிறம் ஈரக்கசிவை மறைப்பதற்கானது. பின்னர் சூழல் அறமெனப் போற்றப்பட்டவை, பொருளியல் நெருக்கடியிற் பிறந்தவை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. எனினும் பெண்மைக்குரிய விழுமியங்கள் வணிகத்தை மாற்றிவிடும் என்றே நூலாசிரியர் நம்புகிறார். அவர் தரும் சான்றுகளோ, விழுமியங்களை வாழ்நிலையே உருவாக்குகிறது என்பதைக் காட்டுகின்றன.

நூல் போதிய அழுத்தந்தராத விடயம் உடைமையாகும். இரண்டாவது கடைக்காக ஒரு நண்பரிடம் 4,000 பவுண் பெற்று, தொழிலின் பாதிப் பங்கை அவர் வழங்கினார். 1984இல் கம்பனி பங்குச்சந்தையை அடைந்தது. விலங்குப் பரிசோதனைக்கெதிரான அவரது இயக்கத்தின் பெறுமதியை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2006இல் லொறியால் நிறுவனம் 652 மில்லியன் பவுணுக்கு அதனை வாங்கியது; மறுவருடம் றொடிக் காலமானார். 2017இலும் 2023இலும் கம்பனி மீண்டும் கைமாறியது. 2024 பெப்ரவரியில் அதன் பிரித்தானியப் பிரிவு கடனிறுக்க இயலாநிலையில் நிருவாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைவியின் நல்லெண்ணம், பங்கின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமையாக மாறவில்லை.

இதனோடு அகமதாபாத்தின் ‘சேவா’வை ஒப்புநோக்கலாம். 1972இல் இலா பட் அதனைத் தொழிற்சங்கமாகப் பதிய முயன்றபோது, இப்பெண்களுக்கு முதலாளி இல்லையே என அதிகாரிகள் ஆட்சேபித்தனர். 1974இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபா இட்டுத் தமக்கெனக் கூட்டுறவு வங்கியை நிறுவினர். இலா பட் 2022இல் மறைந்தார். வங்கி தொடர்ந்து இயங்குகிறது. கூட்டுறவும் சந்தைக்குப் புறம்பானதன்று. வட்டியும் நட்டமும் அதனையும் தாக்கும். ஆனால் உறுப்பினரைக் கேளாது அதனை விற்றுவிட முடியாது.

பெண் தலைமை வேண்டற்பாலதே. அது பெண்ணின் உரிமை. முதலாளித்துவத்தைத் திருத்தும் பொறுப்பை அவள்மீது சுமத்துவதற்கான நியாயமன்று. யார் தலைமை தாங்குகிறார் என்பதோடு, யாருக்குச் சொந்தம் என்பதையும் ஆய்வாளர் சேர்த்து வினவுதல் வேண்டும்.