பரணி பாடாத காடு

போரைப் பாடுவதில் தமிழ் பின்தங்கிய மொழி அன்று. புறத்திணை வகுத்த மொழி இது. பரணி கண்ட மொழி இது. நம் முஸ்லிம் புலவர்களும் 'படைப்போர்' என்னும் சிற்றிலக்கிய வகையை வளர்த்து, சக்கூன் படைப்போர், ஐந்து படைப்போர் முதலிய நூல்களைத் தந்துள்ளனர். ஆயினும், 1944ஆம் ஆண்டு இம்பாலிலும் கோஹிமாவிலும் நடைபெற்ற பெரும்போரைப் பற்றித் தமிழில் எழுந்துள்ள எழுத்துகளைப் படிக்குந்தோறும் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது.

1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் ஆஸாத் ஹிந்த் அரசு அமைந்ததை நம் எழுத்தாளர்கள் விரித்து எழுதுவர். அடுத்த அத்தியாயத்தில் 1945ஆம் ஆண்டின் செங்கோட்டை வழக்கு வந்துவிடும். இடையே உள்ள காடு எங்கே? மழையும் பசியும் மலேரியாவும் எங்கே? இரண்டொரு வரிகளில் அவை மறைந்துவிடுகின்றன. தலைவரின் பெருமையைப் பாடுவது தவறன்று. தொண்டர்கள் பட்ட பாட்டை மறைத்துப் பாடுவதே தவறு.

நடந்ததை நோக்குவோம். 1944 மார்ச்சில் ஜெனரல் முத்தகுச்சியின் தலைமையில் ஜப்பானியரின் 15ஆம் படை, ஏறத்தாழ 85,000 வீரர்களுடன் இந்திய எல்லையைக் கடந்தது. அவர்கள் சுமந்துசென்ற உணவு மூன்று வாரங்களுக்கே போதுமானது. இம்பாலின் கிடங்குகளைக் கைப்பற்றி உண்ணலாம் என்பது திட்டம். இம்பால் விழவில்லை. முற்றுகைக்குள் இருந்தோருக்கு விமானங்கள் உணவைக் கொண்டுவந்து சேர்த்தன. முற்றுகையிட்டோருக்கோ அரிசி வரவில்லை. கோஹிமாவில் டெபுடி கமிஷனரின் டென்னிஸ் திடலே போர்க்களமாயிற்று. இறுதியில், உணவே வராத நிலையில், மேலிடத்து ஆணையையும் மீறித் தம் டிவிஷனைப் பின்வாங்கச் செய்தார் ஜெனரல் சாட்டோ. ஜூன் 22இல் கோஹிமா – இம்பால் சாலை மீண்டும் திறந்தது. பருவமழை கொட்டிய மலைப்பாதைகளில் துப்பாக்கி கொன்றதைவிடப் பட்டினியும் நோயும் கொன்றதே மிகுதி.

இந்திய தேசிய ராணுவத்தின் கதையும் இதுவே. ஏப்ரல் 14இல் மொய்ராங்கில் கர்னல் ஷௌகத் அலி மாலிக் கொடியேற்றினார். அந்தக் காட்சியை எழுதாதவர் இல்லை. ஆனால், களம் சென்ற ஏறத்தாழ 6,000 பேருள் போரில் மடிந்தோர் சுமார் 400 என்றும், வயிற்றுக்கடுப்பாலும் மலேரியாவாலும் மாண்டோர் சுமார் 1,500 என்றும் கூறும் கணக்கை எத்தனை பேர் எழுதினர்?

மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். இம்பாலுக்குச் சென்ற முதல் டிவிஷனில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து சிறைப்பட்ட வீரர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழரைப் பின்னர் அமைந்த பிரிவுகளிலேயே மிகுதியாகக் காண்கிறோம். 1945இல் ஐராவதிக் கரையில் நின்றோருள் அவர்கள் பலர். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதுவது தமிழர்க்குப் பெருமை சேர்ப்பதன்று. உண்மையான தியாகத்திற்கு ஒப்பனை எதற்கு?

நம் எழுத்தாளர்கள் பெரிதும் அஞ்சி ஒதுங்கும் இடம் ஒன்றுண்டு. எதிரே நின்று இம்பாலைக் காத்த படையிலும் பெரும்பகுதியினர் இந்தியரே. கோஹிமா போர்க் கல்லறையில் 1,420 பேர் அடக்கமாகியுள்ளனர். எரியூட்டப்பெற்ற 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கும் அங்கே நினைவுச்சின்னம் உண்டு. இம்பாலில் இந்தியப் படையினர்க்கெனத் தனிக் கல்லறையே உள்ளது. அங்கே துயில்வோருள் முஸ்லிம்கள் மிகப் பலர். ஷா நவாஸ் கானும் முஸ்லிம். அவரை எதிர்த்து நின்றோரிலும் முஸ்லிம்கள். இவர்களுள் ஒரு சாராரைத் தேசபக்தர் என்றும் மறு சாராரைக் கூலிப்படை என்றும் எளிதாகப் பிரித்துவிடலாம். அது மேடைப் பேச்சுக்கு உதவும், இலக்கியத்திற்கு உதவாது. தம் ஊரே போர்க்களமாகிவிட்ட நாகரும் மணிப்பூர் மக்களும் எந்தக் கணக்கில் சேர்வர்?

அப்படியாயின், தோற்ற இப்போரினால் நாட்டுக்கு விளைந்தது என்ன? 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவரும் செங்கோட்டையில் விசாரணைக்கு நிறுத்தப்பெற்றபோது நாடே பொங்கியது. ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் என மூவர் ஒரே கூண்டில் நின்ற காட்சி, பிரிவினைப் பேச்சு மிகுந்த அந்நாளில் மக்கள் உள்ளத்தை உலுக்கியது. விதித்த ஆயுள் தண்டனையை 1946 ஜனவரியில் அரசே தள்ளுபடி செய்தது. அடுத்த மாதம் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். இந்தியப் படை இனியும் தமக்கு அடங்கி நடக்குமா என்ற ஐயம் ஆட்சியாளர்க்கு எழுந்தது. இப்போர் ஒன்றே விடுதலையைத் தந்தது என்பது மிகை. ஆயினும் காட்டில் மாண்டோரின் துன்பம் இல்லையேல் செங்கோட்டையில் அந்தச் சொற்களுக்கு அத்துணை வலிமை ஏது?

விதிவிலக்காக ஒரு நூலைக் குறிப்பிடுதல் கடமை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. மெதானிலும் பினாங்கிலும் யுத்தகாலத் தமிழர் வாழ்வைப் புகழ்ச்சியின்றிக் காட்டிய நாவல் அது. அந்தத் துணிவோடு இம்பால் காட்டுக்குள் ஒரு தமிழ் நாவல் நுழையவேண்டும் என்பதே நம் விழைவு.

இப்போர் நமக்குத் தொலைவானதன்று. 1942 ஏப்ரலில் ஜப்பானியர்க்கு அஞ்சிச் சென்னை காலியானபோது, எழும்பூரிலிருந்து தெற்கே சென்ற இரயில்கள் எங்கள் கூடுவாஞ்சேரியைக் கடந்தே சென்றன. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் தமிழகமெங்கும் வாழ்கின்றனர். அவர்தம் வீட்டுப் பெட்டிகளில் கடிதங்கள் இருக்கலாம். நினைவில் கதைகள் இருக்கலாம். அவற்றைக் கேட்டு எழுதுவோர் முன்வரவேண்டும். வென்றோர்க்குப் பரணி பாடிய தமிழே மாண்டோர்க்குக் கையறுநிலையும் பாடிற்று. இம்பால் காடு நம்மிடம் வேண்டிநிற்பது அந்தக் கையறுநிலையையே.