நறுக்கிப் படித்த நாவல்

அசோகவனத்தில் ராவணன் சீதையிடம் பேசும் பேச்சை மட்டும் தனியே கத்தரித்து எடுத்து, “இப்படி எழுதியவனை நம் பிள்ளைகள் படிக்கலாமா?” என்று ஒருவர் கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். பேசுகிறவன் ராவணன், கம்பன் அல்ல. கதை கேட்கும் வயதிலேயே நமக்குத் தெரிந்துவிட்ட விஷயம் இது. ஆனால் நாவல் என்று வரும்போது படித்தவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஐலண்ட் ட்ரீஸ் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். 1975-ல் அவ்வூர்ப் பள்ளி நிர்வாக சபையினர் மூவர் பெற்றோர் மாநாடு ஒன்றுக்குப் போய், ஆட்சேபத்துக்குரிய நூல்களின் பட்டியலோடு திரும்பினார்கள். தங்கள் பள்ளிகளில் தேடியதில் பதினொன்று அகப்பட்டன. 1976-ல் அவற்றை எடுத்துவிடச் சொன்னது சபை. அமெரிக்க விரோதம், கிறிஸ்தவ விரோதம், யூத விரோதம், ஆபாசம் என்று அவற்றின் மேல் குற்றம் சாட்டினார்கள்.

அந்தப் பதினொன்றில் பெர்னார்ட் மாலமுட் 1966-ல் வெளியிட்ட ‘தி ஃபிக்ஸர்’ நாவலும் ஒன்று. அதிலிருந்து நறுக்கியெடுத்த வரிகள் வழக்கின் ஏடுகளில் இருக்கின்றன. யூதர்களை இழிவாகத் திட்டும் வரிகள் அவற்றில் உண்டு. உண்மைதான். ஆனால் திட்டுகிறவர்கள் யார்?

கதை ஜார் காலத்துக் கியெவ் நகரில் நடக்கிறது. யாகோவ் போக் ஓர் ஏழை யூதன். உடைந்த சாமான்களைச் செப்பனிட்டுப் பிழைக்கிறவன். கிறிஸ்தவச் சிறுவன் ஒருவனை ரத்தத்துக்காகக் கொன்றான் என்று அவன்மேல் பொய்ப்பழி விழுகிறது. 1911-ல் கைதாகி 1913-ல் விடுதலையான மெண்டல் பெய்லிஸ் என்பவரின் வழக்கே இதற்கு ஆதாரம். சிறையில் யாகோவை வதைக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். அவன் மறுக்கிறான். மன்னிப்பு வேண்டாம், விசாரணைதான் வேண்டும் என்கிறான். வசவெல்லாம் அவனை வதைப்பவர்களின் வாயிலிருந்து வருகிறது. அவர்களை நாசூக்காகப் பேசவைத்தால் அநீதியின் கனம் வாசகனுக்கு எப்படித் தெரியும்? யாகோவின் உறுதிக்குத்தான் என்ன மதிப்பு? யூத எழுத்தாளர் ஒருவர் யூத துவேஷத்தின் கொடுமையைக் காட்ட எழுதிய நாவல், யூத விரோதம் என்று பழி சுமந்த பட்டியலில் சேர்ந்துவிட்டது!

பெற்றோரின் கவலையை நான் கேலி செய்யவில்லை. என் பெண் எதைப் படிக்கிறாள் என்று நானும் எட்டிப் பார்ப்பவன்தான். பதினொரு நூல்களும் உயர்ந்த இலக்கியம் என்றும் சொல்லமாட்டேன். ‘கோ ஆஸ்க் ஆலிஸ்’ என் வரையில் நாட்குறிப்பு வேஷம் போட்ட உபதேசம். ஆனால் என் பெண்ணுக்கு ஒரு புத்தகம் வேண்டாம் என்பது வேறு. ஊரார் பிள்ளைகள் எல்லாருக்கும் அதை மறைப்பது வேறு.

அந்த ஊரிலேயே சரியான வழியும் கண்முன் இருந்தது. பெற்றோர் நால்வரும் பள்ளி ஊழியர் நால்வரும் கொண்ட குழு ஒன்றைச் சபையே நியமித்து, நூல்களைப் படித்து அபிப்பிராயம் கூறச் சொன்னது. ‘தி ஃபிக்ஸர்’ இருக்கட்டும் என்றது குழு. சபை காரணம் கூறாமல் அதைத் தள்ளிவிட்டது. பதினொன்றில் ஒன்பது நூல்கள் வெளியேறின.

பதினேழு வயது ஸ்டீவன் பிக்கோவும் வேறு நான்கு மாணவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீதிபதிகளிடையே ஒருமித்த காரணம் இல்லை. ஆயினும் ஒன்பது பேரில் ஐவர், சபையின் நோக்கம் என்ன என்பதை விசாரிக்காமல் வழக்கை முடிக்கலாகாது என்று 1982-ல் முடிவு செய்தார்கள். சபை விசாரணைக்கு நிற்கவில்லை. புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்பின. யாகோவ் கேட்டதும் விசாரணைதானே!

தடைக்குப் பதில் கூச்சல் அல்ல. யாராவது உங்களிடம் ஒரு நாவலின் நடுப்பக்கத்தைக் காட்டி முகம் சுளித்தால், கோபித்துக்கொள்ள வேண்டாம். புத்தகத்தைக் கையில் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு வந்து பேசுங்கள். அவரையும் அப்படியே படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.