கை தூக்கியவர் யார்? குரல் பெற்றவர் யார்?

ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பத்துக் கைகள் உயர்கின்றன. ஒருவரை அழைக்கிறார். எளிய செயல், நாள்தோறும் நடப்பது, எவரும் எண்ணிப் பாராதது! ஆனால், எந்தக் கை முதலில் அழைக்கப்படுகிறது, எந்தக் கை உயராமலே மடியில் கிடக்கிறது என்று சற்றே உற்று நோக்குங்கள். ஒரு நாட்டின் வரலாறே வகுப்பறைக்குள் வந்து அமர்ந்திருப்பது புலப்படும்.

அமெரிக்க நாட்டில் இது பெரும் பூசலாகவே கிளம்பிற்று. 2011-ஆம் ஆண்டு, செல்வர் ஆதிக்கத்தை எதிர்த்து நியூயார்க் நகரின் வால் ஸ்ட்ரீட்டை அடுத்துத் திரண்ட மக்கள், தம் கூட்டங்களில் ஒரு முறையைக் கையாண்டனர். பேச விழைவோர் பட்டியலில், என்றும் பின் தள்ளப்படுவோரை முன்னே வைப்பது. என்றும் முழங்குவோரைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்வது. 'முற்போக்கு வரிசை' என்று அதற்குப் பெயர். 2017-இல், பல்கலைக் கழகம் ஒன்றில் வகுப்பு நடத்திய ஆராய்ச்சி மாணவி ஒருவர், அம்முறையைத் தாமும் பின்பற்றுவதாகவும், கருப்பினப் பெண்களை முதலில் அழைப்பதாகவும் எழுதினார். எழுந்தது புயல்! நிறம் பார்த்து அழைப்பதும் நிறவெறியே என்றனர் ஒரு சாரார். நிறம் பார்த்து வாயடைத்த காலத்தில் இந்த நியாயம் எங்கே உறங்கிற்று என்றனர் மற்றொரு சாரார்.

யார் பக்கம் நேர்மை? தீர்ப்புக் கூறுமுன் ஒரு நூலைப் புரட்டுவோம். பெல் ஹூக்ஸ் 1994-இல் வெளியிட்ட 'டீச்சிங் டு டிரான்ஸ்கிரெஸ்' அது. 'வரம்பு மீறக் கற்பித்தல்' என்று நாம் அதனைத் தமிழில் அழைக்கலாம்.

ஆசிரியர் 1952-இல் கென்டக்கி மாநிலத்து ஹாப்கின்ஸ்வில்லில் பிறந்தவர், 2021-இல் மறைந்தவர். இயற்பெயர் குளோரியா ஜீன் வாட்கின்ஸ். கொள்ளுப்பாட்டியின் பெயரைப் புனைபெயராக ஏற்று, அதனையும் சிறிய எழுத்துக்களிலேயே அச்சிடச் செய்தவர். ஆளினும் கருத்தே பெரிது என்பது அவர் எண்ணம்.

நூலின் தொடக்கமே நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. கருப்பினக் குழந்தைகள் மட்டுமே பயின்ற பள்ளியில் தாம் களிப்போடு கற்றதாகக் கூறுகிறார். அங்கிருந்த ஆசிரியைகள் குழந்தைகளின் குடும்பங்களை அறிந்தவர்கள். கல்வியே விடுதலைக்கு வழி என்று நம்பியவர்கள். பிரிவினை ஒழிந்து, வெள்ளையரோடு ஒரே பள்ளியில் அமர்ந்தபோதோ, அந்தக் களிப்பு மறைந்தது. அறிவார்வம் அங்கே அடங்காமையாகத் தோன்றிற்று, பணிவே படிப்பாயிற்று!

அப்படியானால் பிரிவினையே நன்று என்கிறாரா? இல்லை. கதவு திறந்தால் போதாது, உள்ளே வந்தவனுக்கு வாயும் திறக்க வேண்டும் என்கிறார்.

வரலாறும் அதற்குச் சான்று பகர்கிறது. ஜார்ஜ் மக்லாரின் என்ற கருப்பினத்தவர், முன்பே முதுகலைப் பட்டம் பெற்றவர், 1948-இல் ஓக்லஹோமா பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கச் சேர்ந்தார். சேர்த்துக்கொண்டனர், ஆனால் எங்கே அமர்த்தினர்? வகுப்பறையை ஒட்டிய பக்க அறையில்! நூலகத்தில் தனி மேசை. உணவுக் கூடத்திலும் தனி மேசை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1950 ஜூன் 5-ஆம் நாள் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பிற மாணவரோடு கலந்து பேசவும், கருத்தைப் பரிமாறிக்கொள்ளவும் தடையிருந்தால் கல்வியே குறைபடுகிறது என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. பேச்சும் பாடத்தின் பகுதியே என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட நாள் அது. தனி மேசை போயிற்று. தனிப் பார்வை போயிற்றா?

ஆகவே, எல்லாருக்கும் ஒரே விதி என்று கூறிக் கை கழுவுவோரை நாம் ஏற்பதற்கில்லை. வீட்டில் பேசப் பழகியவனும், பேசினால் ஏளனம் என்று அஞ்சியவளும் ஒரே வேகத்தில் கை உயர்த்துவார்களா? முந்தியவர்க்கே சொல் என்பது, பந்தியில் முன்னமர்ந்தவர்க்கே சோறு என்பது போன்றது.

எனினும், நிறத்தை அளவுகோலாக்கி அழைப்பதிலும் ஒரு முள் உண்டு. அழைக்கப்பட்ட பெண் தன் கருத்தைக் கூற எழுகிறாள். வகுப்போ அவள் இனத்தின் சாட்சியத்தைக் கேட்கக் காத்திருக்கிறது! ஒரு மாணவரை அவர் இனம் முழுவதற்கும் விளக்கம் சொல்லும் ஆளாக்கும் இக்கொடுமையைப் பெல் ஹூக்ஸ் நன்கு கண்டிக்கிறார். அவர் காட்டும் வழி வேறு. ஒவ்வொருவரும் வகுப்பிலேயே சிறு பத்தி எழுத வேண்டும். எழுதியதைப் பிறர் கேட்கப் படிக்க வேண்டும். முந்துவதும் இல்லை, பிந்துவதும் இல்லை. எவர் குரலும் விடுபடுவதும் இல்லை. யாரை முதலில் அழைப்பது என்ற பூசலின் வேரையே இம்முறை அறுக்கிறது.

நூலின் நடையும் இக்கொள்கைக்கு இயைந்தது. பிரேசில் நாட்டுக் கல்வி அறிஞர் பவுலோ ஃபிரைரேயைப் பற்றிய இயலில், குளோரியா வாட்கின்ஸ் வினவ, பெல் ஹூக்ஸ் விடையளிக்கிறார்! தம்மையே இருவராக்கி உரையாடும் இவ்வுத்தி வெறும் விளையாட்டன்று. கற்றல் என்பதே உரையாடல்தான் என்று கூறாமற் கூறுகிறது.

குறையும் உண்டு. நூல் பெரிதும் கல்லூரி வகுப்பைப் பற்றியே பேசுகிறது. கல்லூரி வாயிலை எட்டுமுன்னரே வாயடைக்கப்பட்டு வெளியேறிய குழந்தைக்கு அதில் இடம் குறைவு. கட்டாயமாகப் படிக்கச் சொல்வது கூச்சமுள்ள உள்ளத்தைப் புண்படுத்துமோ என்ற ஐயமும் நமக்கு முற்றும் நீங்கவில்லை. ஆயினும், அந்தப் புண் சில நாளில் ஆறும். கேட்கப்படாமலே போன குரலின் புண் ஆயுள் முழுவதும் ஆறாது.

நூலை மூடும்போது நம் முன் நிற்பவர் வரிசையில் முதலாவதாக இருந்தவர் அல்லர். மடியில் கை மடக்கி, கடைசிப் பலகையில் அமர்ந்து, விடை தெரிந்தும் வாய் திறவாத அந்த மாணவி! அவளை நோக்கி ஆசிரியரின் கண் திரும்புமா? திரும்பும் நாளே அந்த வகுப்பறைக்கு விடுதலை நாள்.