யாருடைய பிராந்தியம்? – பறவைக் கையேடுகளை முன்வைத்து

வெளிநாடு போகிறவர் எந்தப் பறவைக் கையேட்டை எடுத்துப்போவது என்ற கேள்வி, விலையும் எடையும் பார்த்துக் கடையிலேயே தீர்த்துவிடுகிற விஷயமாகத்தான் இருந்துவருகிறது. கருங்கல் பக்கமிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பறவை பார்க்கிற சிலர் என்னிடம் இதைக் கேட்பதுண்டு. பக்கத்தில் நிற்பவர், ‘பறவையப் பாக்க புக்கு எதுக்கு, கண்ணு இல்லியா?’ என்று கேட்பதும் உண்டு. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது.

கண் மட்டும் போதாது. பறவையைச் சுட்டு, கையில் வைத்து அடையாளம் கண்ட காலம் ஒன்று இருந்தது. ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் அமெரிக்காவில் வெளியிட்ட கையேடு, ஒன்றைப்போல் ஒன்றிருக்கும் பறவைகளைச் சேர்த்து வரைந்து, வித்தியாசப்படும் இடத்தைச் சிறு கோட்டால் சுட்டிக்காட்டியது. சசூரைப் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. மொழிக்குறி தன்னளவில் அர்த்தம் கொள்வதில்லை. மற்ற குறிகளோடு அதற்குள்ள வேறுபாட்டில் அர்த்தம் பிறக்கிறது. பறவைக் கையேடும் வேறுபாடுகளின் அமைப்புதான். எதன் பக்கத்தில் எதை வைப்பது என்று தீர்மானிப்பது ‘பிராந்தியம்’ என்ற சொல். ஆக, கையேட்டின் இலக்கணமே அந்தச் சொல்தான்.

பனங்காடையை எடுத்துக்கொள்வோம். நம்மூர் வயலோரத்துக் கம்பியில் உட்கார்ந்திருக்கும். சிறகை விரித்தால் நீலம். ஓமானிலும் ஐக்கிய அரபு எமிரேட்டிலும் இதே பறவை உண்டு. ஆனால் அங்கே வலசைக் காலத்தில் ஐரோப்பியப் பனங்காடையும் கடந்துபோகிறது. நம்முடையதற்கு நெஞ்சு பழுப்பு. பறக்கும்போது சிறகு நுனிப்பக்கம் வெளிர்நீலப் பட்டை. வளர்ந்த ஐரோப்பியப் பறவைக்கு நெஞ்சு முழுக்க வெளிர்நீலம், பறப்பிறகுகள் கறுப்பு. ஊர்ல இருக்கும்வரை நெஞ்சின் பழுப்பை யாரும் பெரிதாகக் கவனிக்க வேண்டியதில்லை. மஸ்கட்டில் தீர்ப்புச் சொல்வதே அதுதான். பறவை அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இருப்பது மாறிவிட்டது. சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ (1941) எவ்வளவு பிரியமான புத்தகமானாலும் அங்கே அது வேறொரு மொழியின் அகராதி.

போர்ட்டர், கிறிஸ்டென்சன், ஷீர்மாக்கர்-ஹான்சன் மூவரும் எழுதிய ‘மத்திய கிழக்கின் பறவைகள்’ 1996இல் வந்தது. வளைகுடாவுக்கு அதன் பிந்தைய பதிப்பைத்தான் சிபாரிசு செய்கிறேன். ஆனால் ‘மத்திய கிழக்கு’ யாருக்குக் கிழக்கு? கருங்கல்லில் நின்று பார்த்தால் அது கடல் தாண்டி வடமேற்கே கிடக்கிறது. எட்வர்ட் சைத் 1978இல் ‘கீழைத்தேயவிய’த்தில் விவாதித்தது புத்தக அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் செய்த கள ஆய்வு, 1953இல் ‘திருவிதாங்கூர் – கொச்சிப் பறவைகள்’ என்று புத்தகமானது. அன்றைக்குக் கருங்கல்லும் திருவிதாங்கூர்தான். தமிழகத்தோடு சேர வேண்டுமென்ற போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் பக்கத்துப் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று நாலு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி, சென்னை மாநிலத்துக்கு வந்தன. 1969இல் அதே புத்தகம் ‘கேரளப் பறவைகள்’ என்று பெயர் மாறியது. நாம் தலைப்புக்கு வெளியே போய்விட்டோம். பறவைக்கு இந்த 1956 தெரியாது. நமக்குத் தெரியும், உயிர் கொடுத்து வாங்கிய எல்லை அது. ஆனாலும் மாநில எல்லையைப் பறவையின் எல்லையாகப் படிக்கிற பழக்கம் அதிகாரத்தின் பழக்கம். செம்போத்துக்கு மலையாளத்திலும் செம்போத்து என்றே பெயர். கரிச்சான் அங்கே ஆனறாஞ்சி. இந்த இரண்டு பெயரடுக்குகளுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள் நாம்.

அப்போ எதை வாங்குவது? துணைக்கண்டம் முழுவதற்குமான புத்தகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொட்டி, அந்த இடத்தில் வராத பறவையோடெல்லாம் குழப்பும். ரொம்பச் சுருங்கிய கையேடோ குழப்ப வேண்டியதையே மறைத்துவிடும். ஒத்த இனங்கள் எதிரெதிரே இருக்கின்றனவா, எந்த மாதம் வரும் போகும் என்று இருக்கிறதா, பரவல் படம் நாட்டெல்லையில் திடீரென்று அறுந்துபோகிறதா என்று பாருங்கள். இன்றைய கைப்பேசிச் செயலியும் முதலில் இடத்தையும் தேதியையும்தான் கேட்கிறது. அதுவும் ஒரு பிராந்தியத்தை வெட்டித்தான் பட்டியலைத் தருகிறது.

புத்தகம் தேர்ந்தெடுத்தபிறகும் வேலை மிச்சமிருக்கிறது. க. ரத்னம் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என்று ஒரு தொகுப்பே செய்து தந்திருக்கிறார். பாலைவனத்திலும் கட்டட வேலையிடத்திலும் நம் ஆட்கள் தினமும் பார்க்கிற பறவைகளைத் தமிழில் எழுத அங்கிருப்பவர்களால்தான் முடியும். ஆங்கிலப் படத்தின் ஓரத்தில் பெயர், மாதம், இடம் மூன்றையும் பேனாவால் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் கூடவிருக்கிறவர் அதை எப்படிக் கூப்பிடுகிறாரோ அதையே எழுதுங்கள். அந்த ஓரக்குறிப்புகள் சேரச்சேர, பிராந்தியத்தை வரையறுக்கிற வேலையில் நமக்கும் ஒரு கை இருக்கும்.