எடை சங்கிலியிலா, நங்கூரத்திலா?

நெடும்பயணப் பாய்மரப் படகோட்டிகளிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: சங்கிலி கனத்தால்தான் படகு பத்திரம். 12 மீட்டர் நீளப் படகில் 10 மி.மீ. தடிமனுள்ள சங்கிலியை 60 மீட்டர் ஏற்றினால், மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ வீதம் 138 கிலோ ஆகிறது. இரண்டு ஆள் எடை, அதுவும் படகின் மூக்கில். இந்தப் பழக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கனத்த சங்கிலி தொய்ந்து தரையோடு கிடப்பதால் நங்கூரத்தின் மேல் இழுப்பு கிடைவாட்டத்தில் விழுகிறது. அலையின் உலுக்கலையும் அந்தத் தொய்வு வாங்கிக்கொள்கிறது. பவளப்பாறையில் கயிறு தேய்ந்து அறும், சங்கிலி தாங்கும்.

ஆனால் இந்த நன்மை மிதமான காற்றுவரைதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மீதான விசை நான்கு மடங்காகிறது. புயற்காற்றில், அதிலும் ஆழம் குறைந்த நீரில், சங்கிலி வில்லின் நாண்போல் விறைத்துவிடும். தொய்வு மிகவும் தேவைப்படும் வேளையில் அது இருப்பதில்லை. அப்போது படகைப் பிடித்து நிறுத்துவது மண்ணுக்குள் இறங்கிய நங்கூரம் மட்டுமே. எடையைவிட வடிவம் முக்கியம் என்பது புதிய கருத்தும் அல்ல. 1933இல் இங்கிலாந்தின் ஜி.ஐ. டெய்லர் கடல் விமானங்களுக்காக ஏர்க்கொழு வடிவில் சி.க்யூ.ஆர். நங்கூரத்தை உருவாக்கினார். கனத்தை ஏற்ற முடியாத விமானத்துக்கு உழுது புதையும் வடிவமே கைகொடுத்தது.

ஆகவே எடையை இடம் மாற்றுவதே அறிவு. சங்கிலி எஃகின் வலுத்தரத்தைக் கிரேடு எண் காட்டுகிறது; 8 மி.மீ. கிரேடு 70 சங்கிலி, 10 மி.மீ. கிரேடு 30 சங்கிலியைவிட வலுவானது. ஆனால் மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோதான். மிச்சமாகும் ஐம்பதுக்கு மேற்பட்ட கிலோவில் ஒரு பங்கைக் கொண்டே நங்கூரத்தை ஓர் அளவு பெரிதாக்கலாம். உலுக்கலைத் தாங்க, நீண்ட நைலான் கயிற்றைச் சங்கிலியில் கொக்கியிட்டு மாட்டலாம். நைலான் இழுபட்டு மீளும். இதற்கு மறுப்பும் உண்டு. கிரேடு 70 சங்கிலி வெப்பப் பதத்தால் வலுவேறியது. துத்தநாகப் பூச்சு தேய்ந்தபின் சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் மறுபடி முக்கினால் பதம் கெடக்கூடும். சங்கிலியை நங்கூரத்தோடு பிணைக்கும் ஷேக்கிளிலும், சிறிய கண்ணிக்குள் நுழையும் சாதாரண வகை அந்த வலுவுக்கு ஈடாகாது. இரண்டும் சரியான எச்சரிக்கைகளே. பூச்சு போனால் புதுச் சங்கிலி வாங்கவும், ஷேக்கிளின் தாங்குதிறனைப் பார்த்து வாங்கவும் ஆயத்தமாக இருப்பவருக்கே இந்த வழி ஏற்றது.

அப்படியானால் துருப்பிடிக்காத எஃகு எதற்குக் குறை? அது வழுவழுப்பாக இறங்கும், பெட்டிக்குள் குவியாது. ஆனால் சேற்றில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உப்பு அதை ஊசித்துளையாக அரிக்கும். மேலே பளபளப்பு மாறாது. துத்தநாகப் பூச்சோ முதலில் மங்கும், பிறகு கண்ணிகள் உரசும் இடத்தில் செம்பழுப்பு தெரியும். பழுதைக் கண்ணுக்குக் காட்டும் உலோகமே கடலில் நம்பத்தக்கது. அடுத்த பயணத்துக்கு முன் சங்கிலியைக் கரையில் விரித்து, உரசும் இடங்களின் தடிமனை அளந்துவிடுங்கள். கனத்த சங்கிலிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை நங்கூரத்தில் போடுங்கள்.