டென்டகூலின் கோபம்

1996-இல் கேம்பாய் விளையாட்டாகப் பிறந்த போக்கிமான், மறு வருடமே டிவித் தொடராகிவிட்டது. விளையாட்டில் கடலில் இறங்கினால் போதும், டென்டகூல் என்கிற சொறிமீன் வழிமறித்துக்கொண்டே இருக்கும். வெறும் தொல்லை. தொடர்தான் அதன் பக்கத்து நியாயத்தைக் கேட்டது: பவளப்பாறை மேல் ஹோட்டல் கட்டக் கிளம்புகிறாள் ஒரு பணக்காரி, வீடிழந்த சொறிமீன்கள் ஊருக்குள்ளேயே ஏறி வந்து அடிக்கின்றன. பாம்பன் பக்கத்து ஆளுக்கு இதை வெறும் கார்ட்டூனாகப் பார்க்க முடியாது. பவளப்பாறையை வெட்டியெடுத்தே மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. தொடரின் சண்டைக் காட்சிகள் சுமார்தான், போகட்டும். அதில் வரும் மிஸ்டி என்கிற பெண்ணின் ஹார்ஸி, நம்ம கடல்குதிரையேதான், மையைப் பீய்ச்சித் தண்ணீரில் படம் வரைந்து ஆபத்தைச் சொல்லுமே, அந்தக் குறும்பு எந்த கேம்பாயிலும் கிடைக்காது.