தெர்த்துல்லியர் வழக்குரை

கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியர் கி. பி. 197-ஐ ஒட்டி இலத்தீனில் இயற்றிய 'அப்பொலொகேத்திகும்', கிறித்தவர்மேற் சுமத்தப்பட்ட பழிகளுக்கு மறுப்பாக எழுந்த நூல். பிற குற்றவாளிகளை உண்மை உரைக்கும்படி வதைக்கும் உரோம நடுவர், கிறித்தவரைமட்டும் தம் சமயத்தை மறுத்துரைக்கும்படி வதைப்பது என்னையென அதன்கண் அவர் வினவுகின்றார். பொய்த்தவன் பிழைப்பான், மெய்யுரைத்தவன் மாள்வான், அறமன்றம் பொய்யை இரந்து நின்றது! தேடிப் பிடித்தல் வேண்டா, பிறர் கொணர்ந்து குற்றம் நிறுவின் ஒறுக்க எனப் பிளினிக்கு டிராஜன் விடுத்த ஆணையையும் அவர் விடாது பற்றுகின்றார். தேடாமைக்கு ஏது குற்றமின்மை. ஒறுத்தற்கு ஏது குற்றமுடைமை. இரண்டும் ஒருவர்மாட்டு ஒருங்கு நில்லா. இவ்வாதம் தருக்கநெறிக்கு இயைந்ததே. அயற்சமயத்தார் கூற்றென்று இதனை இகழ்தல் நடுவுநிலைமை அன்று.

இனி, உயிர் போயினும் கொள்கை விடாமையே அக்கொள்கை மெய்யென்பதற்குச் சான்றாம் என்று இந்நூலை எடுத்துக்காட்டுவார் உளர். அது பொருந்தாது. அவ்வுறுதி காட்டுவது பற்றினார் நெஞ்சின் வாய்மையையே. பற்றப்பட்ட பொருளின் உண்மையை அன்று. மொந்தானர் தம்முள்ளும் உயிர்நீத்தார் பலருளர் என்றனர். அதுபற்றித் திருச்சபையார் அவர் கொள்கையை ஏற்றிலர். தெர்த்துல்லியரோ பின்னாளில் அம்மொந்தானரையே சார்ந்தார். நூலின் இறுதியிலும், அவ்வுறுதியைக் கண்டோர் ஆராயப் புகுந்து அதன்பின்னரே சேர்வர் என்பதே அவர் கூறியது. ஆராய்ச்சிக்கு வாயிலாவது வேறு, அளவையாவது வேறு. நாவுக்கரசர் நீற்றறையுள் அஞ்சாதிருந்தமையைச் சைவர் போற்றுவர்; எனினும் சித்தியார் சுபக்கத்துப் பதியிலக்கணத்தின்முன் அருணந்தி சிவாசாரியர் வைத்தது அளவை.